மூன்று மாடிக் கடைவீட்டுக்கு ஓர் ஆட்சேபம்

“மஜ்லிஸ் ஆபீசருங்க மூணு பேரையும் அழவச்சு, அவங்க கையாலயே என் வரியைக் குறைச்சு எழுதவச்சு, வாசல் வரைக்கும் வந்து என்னை வழியனுப்பவும் வச்சுட்டு வரேன். வரலைன்னா என் பேரு சொக்கலிங்கம் இல்ல.”

பஞ்சவர்ணம் தோசையைத் திருப்பிப் போட்டாள். “அழ வைக்கறது உங்களுக்கு ஒண்ணும் புதுசில்ல. ஆனா மஜ்லிஸ்காரன் அழுததா சரித்திரமே கெடையாது. புளுகுக்கும் ஓர் அளவு வேணும்லா.”

அவள் மேல் குற்றமில்லை. சொக்கலிங்கத்துக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து அவள் கேட்டதெல்லாம் இந்த ரகம். போர்ட் கிள்ளான் பாலத்தில் ஓடிக்கொண்டிருந்த லோரியை ஒரு கையால் தள்ளி நிறுத்தியவர் அவர். சிலாங்கூர் காற்பந்துக் குழுவில் கெஞ்சிக் கூப்பிட்டும் போகாதவர். பத்துமலைப் படிகளை மூச்சு வாங்காமல் நொண்டியடித்தே ஏறியவர். அரிசி வாங்கப் போனால் கடைக்காரன் எழுந்து நின்றான் என்பார். பஞ்சவர்ணம் போய்ப் பார்த்தால் அந்தக் கடையில் நாற்காலியே இருக்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் புளுகவே தேவையில்லாமல் இருந்தது. கிள்ளானில், சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் தோளோடு தோள் இடித்து நிற்கிற தெருவுக்குப் பின்னால், அவருடைய அப்பா விட்டுப்போன மூன்று மாடிக் கடைவீடு நின்றது. முழுக் கட்டடத்தையும் ரியாஸ் என்ற சாப்பாட்டுக் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கீழே உணவகம், நடுவில் குடும்பம், மேலே சாமான். மாதம் ஆறாயிரம் வெள்ளி, ரொக்கம். அந்த வாடகைதான் சொக்கலிங்கத்தின் சோறு, கார், கொலஸ்ட்ரால் மாத்திரை, மீசைச் சாயம் எல்லாம். அது நின்றால் அவர் நின்றார். நாற்பது வயதுக்கு மேல் அவர் ஒரு துரும்பைக்கூட எடுத்து அப்பால் போட்டதில்லை; துரும்பு வாடகை தந்தால் அதை மட்டும் எடுத்திருப்பார்.

ஒப்பந்தம், காகிதம் எதுவும் கிடையாது. வருமான வரிக்காரன் கண்ணில் படாமலிருக்க ஒரு காரணம். நினைத்தபோது ஏற்றுவதற்கு இன்னொரு காரணம். ஏற்றுவதில் அவர் கலைஞர். மாதம் பிறந்தால் கடைக்குள் வந்து, ஓசித் தேநீரைக் குடித்துக்கொண்டே கண்ணாலேயே சாமான்களை எண்ணுவார். புது நாற்காலி நாலு வந்திருந்தால் நூறு ஏறும். ஐஸ் பெட்டி வந்தால் இருநூறு. ஒருமுறை ரியாஸின் மனைவி சல்மா நிறைமாதமாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். சொக்கலிங்கம் அவள் வயிற்றைப் பார்த்தார்.

“ஆளு கூடுது. தண்ணி அதிகமாப் போகும். நூத்தம்பது சேத்துக் குடுத்துரு.”

பிறக்காத பிள்ளைக்கு வாடகை வாங்கிய மனிதர் இந்தத் தீபகற்பத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். அந்த மாதம் அவர்கள் தனியார் மருத்துவமனைக்குக் கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்கிவந்து வாடகையை நிரப்பினார்கள் என்பது அவருக்குத் தெரியும். பஞ்சவர்ணத்திடம் அதை ஒரு வெற்றியாகச் சொல்லியும் இருந்தார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் நகராண்மை மன்றம், ஊர் வாயில் மஜ்லிஸ், கட்டடங்களை மறுமதிப்பீடு செய்தது.

விஷயம் இதுதான். ஒரு கட்டடம் வருடத்துக்கு என்ன வாடகை தரும் என்று மன்றம் ஒரு மதிப்புப் போடும். அதில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பீட்டு வரி. பழைய ஆட்கள் இன்றைக்கும் சுக்காய் பிந்து என்பார்கள். குப்பை அள்ளுவது, கால்வாய் தூர்வாருவது, தெருவிளக்கு எரிவது எல்லாம் அந்தக் காசில். ஆனால் வரியைக் கூட்டினால் ஓட்டுப் போய்விடுமோ என்று பயந்து பயந்து யாரும் மதிப்பைத் தொடாமலே விட்டிருந்தார்கள். சொக்கலிங்கத்தின் கடைவீட்டைக் கடைசியாக மதிப்பிட்டபோது அதன் எதிரில் ஆடு மேய்ந்தது. இப்போது அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மனிதர்கள் மேய்கிறார்கள். மன்றத்தின் கஜானா காய்ந்து, கால்வாய்கள் எல்லாம் நாறிப்போன பிறகு, வேறு வழியில்லாமல் புது மதிப்புப் போட்டார்கள். சொக்கலிங்கத்துக்கு வருடத்துக்கு மூவாயிரம் வெள்ளி கூடியது.

அதாவது, அரை மாத வாடகை. அவரோ சிறுநீரகத்தில் பாதியைக் கேட்டதுபோல் குதித்தார். பிறகு, ஆட்சேபம் உள்ளவர்கள் விசாரணைக்கு வரலாம் என்று யாரோ சொல்லக் கேட்டுக் குளிர்ந்தார். நேரே ரியாஸ் கடைக்குப் போனார்.

“ரியாசு, புதன்கிழமை என்கூட மஜ்லிசுக்கு வர. வாடகை அறுநூறுன்னு சொல்ற.”

“அறுநூறா மொதலாளி? இந்தப் பக்கம் செண்டோல் ஐஸ் வண்டி போட அந்தக் காசுக்கு எடம் கெடைக்காதே.”

“அதான், கட்டடம் மோசம்னு சொல்லணும். எலி இருக்குன்னு சொல்லு.”

“சாப்பாட்டுக் கடைக்காரன் எலின்னு சொன்னா, அங்கயே வச்சு லைசென்சைப் புடுங்கிருவாங்க.”

“அப்ப கூரை ஒழுகுதுன்னு சொல்லு. செவுரு வெடிச்சிருக்குன்னு சொல்லு.”

“ஒழுகலையே.”

“ஒழுகலைன்னா அடுத்த மாசம் நீ இங்க இல்ல. பினாங்குலேருந்து ஒருத்தன் ஏழாயிரத்துக்கு ரெடியா நிக்கிறான். எது ஒனக்கு வசதின்னு நீயே சொல்லு.”

ரியாஸ் கல்லாப் பக்கம் பார்த்தான். சல்மா மடியில் பிள்ளையோடு தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். இந்தக் கடை போனால் அவர்களுக்கு வேறு கடை இல்லை. தொண்டியிலிருந்து வந்த அவன் அப்பா ரொட்டி தட்டிச் சேர்த்ததெல்லாம் இந்த அடுப்பிலும் மேசையிலும்தான் கிடந்தது.

“சரி மொதலாளி.”

“வாய்ச்சொல்லு பத்தாதாம். ஒப்பந்தம் கேப்பானுங்களாம். ஒரு வருஷத்துக்கு, அறுநூறுன்னு டைப் பண்ணி முத்திரை குத்திரு. அந்தச் செலவு ஒன்னோடது.”

போகும்போது ஒரு மைலோவும் குடித்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை மன்றத்தின் கூடத்தில் நடந்ததை நேரில் பார்க்காதவர்கள் பாவம் செய்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் கராஜைக்கூட ஒரு அறையாகக் கணக்குச் சொல்கிற ஜனம், அன்றைக்குத் தங்கள் வீட்டைத் தாங்களே காறித் துப்பிக்கொண்டிருந்தது. ஒருவர் தம் பங்களாவைக் கோழிக்கூண்டு என்றார். பக்கத்திலிருந்தவர், கோழியே தம் வீட்டுக்குள் வர மறுக்கிறது என்று முந்தினார். புனிதா என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மாடியில் பேய் இருப்பதால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விண்ணப்பித்திருந்தார்.

“பேய் வாடகை குடுக்குதா டீச்சர்?” என்று சொக்கலிங்கம் விசாரித்தார்.

“குடுத்தா நான் ஏன் இங்க வரேன்.”

இவர்களையெல்லாம் பார்க்கப் பார்க்க அவருக்குள் போட்டி மனப்பான்மை பொங்கியது. கோழி, பேய் எல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. உள்ளே கூப்பிட்டதும் ரியாஸை முன்னால் தள்ளிவிட்டு, பின்னால் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். அந்தக் காலுக்கு அதுவரை எந்த நோவும் வந்ததில்லை.

நடுவில் புவான் ஹுமைரா, மதிப்பீட்டுப் பிரிவின் தலைவி. தமிழ் நன்றாகப் பேசுகிறவர். இரண்டு பக்கமும் இரண்டு ஆண் அதிகாரிகள். அவர்களில் ஒருவர், அந்தத் தெருவில் எல்லாரும் ஐயாயிரம், ஆறாயிரம் வாங்கும்போது இவருக்கு மட்டும் எப்படி அறுநூறு என்று கேட்டார். நியாயமான கேள்வி. சொக்கலிங்கம் அதற்காகவே காத்திருந்தார்.

கூரையைச் சொன்னார். மழை வந்தால் உள்ளே குடை, வெயில் வந்தால் உள்ளே தொப்பி. சுவர் வெடிப்பில் பக்கத்துக் கடைக்காரர் கை நீட்டி உப்புக் கடன் கேட்கிறார். காப்பாரில் இடிந்து விழுந்த ஒரு கிடங்கைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். அதை மூன்று பேருக்கும் காட்டினார். அறுநூறு வாங்கவே கை கூசுகிறது என்றார். பிறகு, கூடப்போகிற மூவாயிரத்தை மனத்தில் நிறுத்தினார். கண்ணீர் தானாக வந்தது.

“இந்தப் பையனோட சம்சாரம், மேடம். நெறமாசம். ஒழுகுற தண்ணிக்குக் கீழ சட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அவகிட்ட நான் எப்படி மேடம் வாடகையைக் கூட்டிக் கேப்பேன்? நானும் மனுசந்தான.”

அப்போது ரியாஸ் அழுதான். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, அவனே எதிர்பார்த்திருக்க மாட்டான். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கையிலிருந்த தொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவன் எதை நினைத்து அழுதான் என்று சொக்கலிங்கத்துக்குத் தெரிந்தது. நல்ல நேரத்தில் அழுகிறான், கெட்டிக்காரன் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அவன் அழுததைப் பார்த்து இடப்பக்க அதிகாரி மூக்கை உறிஞ்சினார். வலப்பக்கம் கண்ணாடியைக் கழற்றியது. புவான் ஹுமைரா டிஸ்யூ பாக்கெட்டைப் பிரித்து எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்து, தாம் இரண்டு எடுத்துக்கொண்டார்.

“ஆனா அங்கிள்,” என்றார் மூக்கைத் துடைத்தபடி, “இது ஒரு வருஷ ஒப்பந்தம். அடுத்த வருஷம் நீங்க வாடகையை ஏத்தலாம். இதை வச்சு நாங்க மதிப்பைக் கொறைக்க முடியாது.”

“எத்தன வருஷம் வேணும் மேடம்?”

“நீண்ட காலமா இருந்தா யோசிக்கலாம்.”

மூன்று என்று சொல்லியிருக்கலாம். ஐந்து என்றிருந்தாலும் மேடம் ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் வெளியே கோழிக்கூண்டும் பேயும் காத்துக்கொண்டிருந்தன. அவர்களை விட ஒரு படி மேலே போய்த்தான் சொக்கலிங்கத்துக்குப் பழக்கம்.

“பத்து வருஷம் போட்டுக்குங்க. ஒரு சென் ஏத்த மாட்டேன். தண்ணி பில்லு என்னோடது. ரிப்பேரும் என்னோடது. அவங்களுக்கு எந்தத் தளத்தை யாருக்கு விடணும்னு தோணுதோ விட்டுக்கட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

கடைசி வரியை அவரிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை. அழுகை தந்த வேகத்தில் வந்துவிட்டது.

அங்கேயே எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் கையால் திருத்தி எழுதினார்கள். புவான் ஹுமைரா ரியாஸைப் பார்த்து, “உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார். ரியாஸ் தொப்பியிலிருந்து முகத்தை எடுத்தான். சொக்கலிங்கத்தைப் பார்த்தான். மேசைக்கடியில் சொக்கலிங்கம் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார், சொல்லித் தொலையேன்டா என்று.

“சம்மதம்,” என்றான் ரியாஸ், ரொம்ப மெதுவாக.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். புவான் ஹுமைரா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வரி குறைந்தது; பழைய வரியை விடவும் குறைந்தது. மூன்று அதிகாரிகளும் எழுந்து, அந்த நொண்டிக் காலுக்கு மரியாதை கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னார். பஞ்சவர்ணம், “அழுதாங்களாக்கும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

மாதம் பிறந்தது. சொக்கலிங்கம் கடைக்குப் போய் உட்கார்ந்தார். ஆறு நூறு வெள்ளித் தாள்கள் மேசைக்கு வந்தன.

“மிச்சம்?”

“இவ்ளோதான மொதலாளி.”

“வெளையாட்டெல்லாம் ஒம் பொண்டாட்டிகிட்ட வச்சுக்க. நாளைக்கே சாமானைத் தூக்கித் தெருவுல போட்டுருவேன்.”

“போடலாம். ஆனா மேடம்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடுங்க. அன்னைக்கு அழுததெல்லாம் பொய்யின்னு சொல்லுங்க. நானும் வரேன். அப்பா காலத்துலேருந்து எவ்ளோ குடுத்தோம்னு வருமான வரி ஆபீஸ்லயும் சேத்தே சொல்லிரலாம், ஒரே நாள்ல ரெண்டு வேலை முடியும்.”

அவன் குரலை உயர்த்தவே இல்லை. மேசைகளில் ஆட்கள் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தார்கள். சொக்கலிங்கம் எழுந்தார். கல்லாவைத் தாண்டும்போது சல்மா கூப்பிட்டாள்.

“மொதலாளி, தேத்தண்ணிக்கு ரெண்டு வெள்ளி. நாற்காலிக்கு அம்பது சென்.”

“நாற்காலிக்கா?”

“நீங்க உக்காந்தா தேயுதுல்ல.”

கொடுத்துவிட்டுத்தான் வந்தார். வழி மறித்து இரண்டு சமையல்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் கரண்டி இருந்தது.

அதோடு போகவில்லை. அழுத அதிகாரிகள் அழுததோடு நிற்பவர்களாக இல்லை. நிறைமாதப் பெண் ஒழுகலில் உட்கார்ந்த கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? உரிமையாளர் உடனே கூரையையும் சுவரையும் சரிசெய்ய வேண்டும், பொறியாளர் வந்து பார்ப்பார் என்று மன்றம் சொல்லிவிட்டது. சரிசெய்ய ஒழுகல் வேண்டுமே. ஒழுகல் இல்லை என்றால் அன்றைக்குச் சொன்னது பொய். சொக்கலிங்கம் ஒரு ஆளைப் பிடித்து, காசு கொடுத்து, நல்ல ஓடுகளை உடைக்கச் சொன்னார். பிறகு இன்னொரு ஆளுக்குக் காசு கொடுத்து, உடைந்த ஓடுகளை மாற்றச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் கிள்ளானே மிதக்கிற மாதிரி ஒரு மழை பிடித்தது. நனைந்துபோன சாமானுக்கு ரியாஸ் நஷ்டம் கேட்டான், அதுவும் கொடுத்தாயிற்று. மூன்றாம் மாடியை ரியாஸ் ஒரு டியூஷன் நிலையத்துக்கு விட்டான். வாடகை இரண்டாயிரம். அதைச் சொக்கலிங்கத்தின் முன்னால் வைத்தே எச்சில் தொட்டு எண்ணினான்.

வீட்டிலோ வேறு நெருப்பு. அறுநூறை நீட்டியபோது பஞ்சவர்ணம், “மிச்சம் எங்க?” என்றாள். நடந்ததை நடந்தபடி சொன்னார். வாழ்நாளில் அவர் அவளிடம் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன முதல் செய்தி அது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பத்து வருஷத்துக்கு அறுநூறுன்னு நீங்களே கேட்டு வாங்கினீங்களாக்கும். வயித்துல இருந்த புள்ளைக்கு வாடகை வாங்குன ஆளு. யாரு அவ?”

“எவ?”

“காசெல்லாம் போற எடம். பிரிக்பீல்ட்ஸா, பிஜேயா?”

இரண்டாம் மாதமும் அறுநூறு வந்தபோது அவருடைய தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். அவர் கடையில் வாங்கிச் சாப்பிட்டார். சல்மா கடையில் அல்ல. அங்கே நாற்காலி ஒரு வெள்ளியாகிவிட்டிருந்தது. பசியோடு படுத்தபடி யோசித்தார். யோசிக்க யோசிக்க, பஞ்சவர்ணத்தின் சந்தேகம் அவருக்குப் பிடித்துப் போனது. இந்த வயதில் ஒருத்தி. தெருவில் நாலு பேர் கேள்விப்பட்டால் பொறாமைப்படுவான்கள். ஆனால் தன் வாடகையைத் தானே அழுது குறைத்தவன் என்று தெரிந்தால் கிள்ளான் ஆற்று முதலைகூடச் சிரிக்கும். அடுத்த நாள் மீசைக்கு இரட்டைப் பூச்சுச் சாயம் போட்டார். அத்தர் தடவினார். பஞ்சவர்ணம் பார்க்கும்படி போனைத் திருப்பி வைத்துக்கொண்டு சிரித்தார்.

மூன்றாம் மாதம் முதல் தேதி பஞ்சவர்ணம் கைப்பையை எடுத்தாள்.

“எங்க?”

“ரியாஸ் கடைக்கு. உண்மையில எவ்ளோ குடுக்கறான்னு கேட்டுட்டு வந்தர்றேன்.”

சொக்கலிங்கம் செருப்பைக்கூடத் தேடாமல் எழுந்தார். தெருவெல்லாம் பின்னாலேயே ஓடினார். கடை வாசலில் அவளை மறித்தார்.

“வர்ணம், நில்லு. உள்ள போகாத. நெசத்தைச் சொல்லிடறேன். ஒருத்தி இருக்கா.”

“பேரு?”

வாய் திறந்தார். முப்பது வருடம் அசராமல் புளுகியவருக்கு, தேவைப்பட்ட அன்று ஒரு பெண்ணின் பெயர் வரவில்லை.

“கு... குமுதா.”

“குமுதா பிஜேயில என் சின்னம்மா பொண்ணு. அவளுக்கு உங்க மூஞ்சியைக் கண்டாலே ஆகாது.” அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

ரியாஸ் எழுந்து வணக்கம் சொல்லி நாற்காலி போட்டான். சல்மா தேநீர் கொண்டுவந்து, “உங்களுக்குக் காசில்ல ஆன்டி,” என்றாள். பஞ்சவர்ணம் நேராகக் கேட்டாள்.

“எம் புருசனுக்கு மாசம் எவ்ளோ குடுக்கற?”

“அறுநூறு ஆன்டி.”

“அந்தாளுக்காகப் பொய் சொல்லாதப்பா.”

“பொய்யில்ல. மொதலாளிதான் மஜ்லிஸ்ல அழுது கொறைச்சாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

“எத்தன வருஷத்துக்கு?”

“பத்து. ஒரு வருஷம்னுதான் நாங்க எழுதிக்கிட்டுப் போனோம். அவரே கூட்டிட்டாரு.”

பஞ்சவர்ணம் தேநீரைத் தொடவில்லை. வாசலில் சொக்கலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்தால் ஒரு வெள்ளி.

“ஆபீசருங்க?” என்றாள் அவள்.

“மூணு பேருமே அழுதாங்க ஆன்டி. மேடம்தான் டிஸ்யூ குடுத்தாங்க. அப்புறம் வாசல் வரைக்கும் வந்து அனுப்பிவச்சாங்க.”

அவள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். சாயம் வேர்வையில் கரைந்து மீசையிலிருந்து மோவாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“ஒருத்தி இருந்திருந்தாலாவது,” என்றாள், “அவளைத் தொரத்திட்டுக் காசை மீட்டிருக்கலாம்.”

“வர்ணம், நான் சொல்றதைக் கேளு. அதெல்லாம் சும்மா, அவன் புளுகறான்.”

“இல்ல,” என்றாள் பஞ்சவர்ணம். “நடந்திருக்கு. நீங்க சொன்னது அத்தனையும் நடந்திருக்கு.”